மண்டி மொஹல்லாவில் காத்திருந்த மூன்று பிரேக் ஹோஸ்கள்

ஐந்து வருடம் கழித்துப் பார்க்கிற தங்கையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் என்னை அழைத்துப்போக அவள் கொண்டுவந்திருந்த ஜீப்பின் சக்கரத்தைத்தான் பார்த்தேன். இது என் தொழில் தந்த கெட்ட பழக்கம். மலேசியாவில், ஈப்போ நகரத்தில் நான் வைத்திருக்கும் பட்டறைக்குக் காட்டுக்குள்ளும் சேற்றுக்குள்ளும் போகிற வண்டிகள்தான் வரும். உடம்பைத் தூக்கி உயரமாக்கிய வண்டி எங்கே நின்றாலும் என் கண் அதன் அடிவயிற்றுக்குப் போய்விடும்.

மாலதி மைசூருக்கு டாக்டர் படிப்புக்கு வந்தவள். கூடப் படித்த சிவராஜைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கேயே தங்கிவிட்டாள். மாப்பிள்ளை ஹனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம், வீட்டில் பேசுவது தமிழ். இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு கோபிநத்தத்துக்கும் அதைச் சுற்றியுள்ள காட்டோர ஊர்களுக்கும் மருந்துப் பெட்டியோடு போய் வைத்தியம் பார்த்துவிட்டு வருவார்கள். அதற்காகத்தான் இந்த ஜீப். வாங்கி மூன்று மாதம் ஆகிறது என்றாள். குண்டலுபேட்டையில் ஒரு தரகர் மூலம் வந்ததாம். யாரோ வாத்தியார் வைத்திருந்தது, அதிகம் ஓடாதது என்று சொன்னாராம்.

"அந்தப் பக்கக் கதவு வெளியில இருந்து திறக்காதுண்ணே. இந்த வழியா ஏறித் தாண்டி உட்காருங்க" என்றாள். மூன்று மெக்கானிக்குகள் பார்த்தும் சரியாகவில்லையாம்.

மைசூர்ச் சாலைகள் ஈப்போவை நினைவூட்டின. அதே மாதிரி பெரிய மரங்கள், அவசரமில்லாத மனிதர்கள். ஆனால் வேகத்தடைகள் இங்கே அதிகம். ஒவ்வொன்றிலும் சக்கரம் ஏறி இறங்கும்போது என் காலுக்கு அடியில் ஏதோ ஒன்று விறைத்து, பிறகு தளர்கிற சத்தம் கேட்டது. மாலதிக்கு அது பழகிவிட்டது போலிருக்கிறது. அவள் அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றி விசாரித்துக்கொண்டே ஓட்டினாள்.

வழியில் ஒரு சின்னக் கடையில் சௌசௌ பாத் சாப்பிட்டோம். ஒரு தட்டில் காரமான ரவை உப்புமா ஒரு குன்று, பக்கத்திலேயே கேசரி இன்னொரு குன்று. காலையிலேயே இனிப்பையும் காரத்தையும் இப்படி ஒட்டிவைத்துச் சாப்பிடுகிற ஊரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பக்கத்து மேசைப் பெரியவர் வெளியே நின்ற ஜீப்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தன் நண்பரிடம் கன்னடத்தில் ஏதோ சொன்னார். மாலதி மெதுவாக மொழிபெயர்த்தாள். "இந்த வண்டி இன்னும் ஓடுதான்னு கேக்கறாரு." பழைய மாடல் என்பதால் சொல்கிறார் என்று இரண்டு பேருமே எடுத்துக்கொண்டோம்.

மாலையில் சிவராஜிடம் அந்தச் சத்தத்தைப் பற்றிக் கேட்டேன்.

"வண்டி நல்லாத்தான் போகுதுங்க மச்சான். பள்ளத்துல எறங்கறப்ப மட்டும் யாரோ அழுவற மாதிரி ஒரு சத்தம் வருமுங்க. கோபிநத்தம் போற வழியில, பாலாறு எறக்கத்துல ரொம்பக் கேக்கும். போன தடவ ஒரு பிள்ளத்தாச்சிய ஏத்திட்டு வந்தோம். அந்தப் புள்ள பயந்துபோயி, வண்டிய நிறுத்துங்கன்னு இறங்கிருச்சு."

மறுநாள் காலை ஜீப்பை ஜாக்கியில் தூக்கி, தாங்கி வைத்து, அடியில் படுத்தேன். தூக்கிய மாத்திரத்தில் முன்சக்கரங்கள் இரண்டும் தொங்கின. நான் டார்ச் அடித்துப் பார்த்தேன்.

வண்டியின் சட்டத்தில் இருக்கும் இரும்புக் குழாயிலிருந்து சக்கரத்துக்குப் பிரேக் ஆயிலைக் கொண்டுபோவது ஒரு ரப்பர் ஹோஸ். சக்கரம் ஏறி இறங்குவதால் அங்கே இரும்பு உதவாது, வளைகிற பொருள்தான் வேண்டும். வண்டியை நான்கு அங்குலம் உயர்த்தினால் அந்த ஹோஸும் நீளமாக வேண்டும். இந்த ஜீப்பில் உயர்த்தியவர்கள் ஸ்பிரிங்கை மாற்றியிருந்தார்கள், டயரை மாற்றியிருந்தார்கள். ஹோஸை மாற்றவில்லை. இடது முன் ஹோஸ் வீணைக் கம்பி மாதிரி விறைத்து நின்றது. அழுகிற சத்தம் அதன் முனை இரும்பை இழுக்கிற சத்தம். போதாததற்கு இது பழைய ஜீப், நான்கு சக்கரத்துக்கும் ஆயில் போவது ஒரே வழி. ஒரு ஹோஸ் அறுந்தால் நான்கு பிரேக்கும் போகும்.

இன்னொன்றும் பார்த்தேன். இடது ஹோஸ் மட்டும் வேறு கம்பெனி, மற்றவற்றைவிடப் புதியது. அதன் அருகே சட்டம் ஒருமுறை நசுங்கிச் சுத்தியலால் நிமிர்த்தப்பட்டிருந்தது. அதன்மேல் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள்.

"இதுலயா நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வந்தீங்க?" என்று கேட்டேன். மாலதி குனிந்து அந்த ஹோஸை விரலால் தொட்டுப் பார்த்தாள். அந்த ஞாயிறு அவள் மறுபடி போக வேண்டும். கோபிநத்தத்தில் இரண்டு சர்க்கரை நோயாளிகளுக்கு இன்சுலின் தீர்ந்துபோகும்.

ஹோஸ் செய்துதருகிற கடைகள் மண்டி மொஹல்லா என்கிற பழைய கடைவீதிப் பகுதியில் இருப்பதாக சிவராஜ் சொன்னார். நானும் அவரும் மெதுவாக ஜீப்பை ஓட்டிக்கொண்டு போனோம். அந்தச் சந்துகளில் எங்கள் வண்டி அகலத்துக்கு இடமில்லை. எதிரே வந்த ஆட்டோக்காரர் இறங்கி நின்று, ஜீப்பைப் பின்னால் எடுக்கும்வரை இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் சந்து முனையிலேயே நிறுத்திவிட்டு நடந்தோம்.

யூசுப் பாயின் கடை எட்டடிக்குப் பத்தடி இருக்கும். சுவர் முழுக்க ஆணிகளில் ஹோஸ்கள் தொங்கின. நடுவில் முனைகளை அழுத்திப் பொருத்துகிற மெஷின். கோயம்புத்தூரில் எட்டு வருடம் வேலை பார்த்தவர் என்பதால் தமிழ் பேசினார். நான் வேண்டியதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் எங்களைத் தாண்டிச் சந்து முனையைப் பார்த்தார்.

"அந்த ஜீப்புல வந்தீங்களா?"

"ஆமா."

"ஸ்வல்ப, கொஞ்சம் நில்லுங்க." உள்ளே போய் மர அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து வந்தார். தூசியைத் துடைத்துவிட்டு மேசைமேல் வைத்தார். "இவ்ளோ லேட்டா ஆள அனுப்பறாரே. சார் நல்லா இருக்காரா?"

பைக்குள் மூன்று பிரேக் ஹோஸ்கள், முன்சக்கரங்களுக்கு இரண்டு, பின்அச்சுக்கு ஒன்று. எஃகுக் கம்பி பின்னிய உயர்ந்த ரகம், மேலே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறை. ஒட்டியிருந்த சீட்டில் ஜீப்பின் நம்பர் எழுதியிருந்தது. எங்கள் ஜீப்பின் நம்பர்தான்.

சிவராஜ் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

யூசுப் பாய் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் சம்பத் என்று ஒரு பெரியவர் வந்தார். கல்லூரியில் நிலவியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். பாறைகள் இருக்கிற இடங்களுக்கெல்லாம் போகவேண்டும் என்று ஜீப் வாங்கி உயர்த்தியிருந்தார். ஹோஸ் நீளமாக வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மூன்று வெள்ளை நூல்களில் அளவெடுத்து, ஒவ்வொன்றிலும் துண்டுக் காகிதம் கட்டிக் கொண்டுவந்தார். சனிக்கிழமை தருவதாக இவர் சொன்னார். வெள்ளிக்கிழமை மெஷினின் அச்சு உடைந்துவிட்டது. திங்கள் வாருங்கள் என்றார். சரி என்று போனவர் வரவே இல்லை.

"மூணு தடவ போன் பண்ணேன். ஒவ்வொரு தடவையும் அவர் வீட்டு அம்மா, அவர் வெளியில போயிருக்கார், வந்துடுவார்னு சொல்லும். அதனால வெச்சிருக்கேன். கடைய இங்க மாத்தினப்பவும் எடுத்துட்டு வந்தேன்."

நூல்கள் பைக்குள்ளேயே இருந்தன. சீட்டில் தொலைபேசி எண்ணும் இருந்தது. யூசுப் பாய் எங்கள் முன்னாலேயே கூப்பிட்டு, ஒலிபெருக்கியில் போட்டார். நாலாவது மணியில் ஒரு பெண்குரல் வந்தது.

"அவர் வெளியில போயிருக்கார். வந்துடுவார்."

நல்ல வெயில் நேரம். சந்தில் ஸ்கூட்டர்கள் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தன. நசுங்கி நிமிர்ந்த சட்டம் எனக்கு நினைவு வந்தது. நான் போனை வாங்கி, மலேசியாவிலிருந்து வந்திருப்பதையும், அந்த ஜீப்பை இப்போது என் தங்கை வைத்திருப்பதையும் சொன்னேன். பிறகு அந்தக் குரல் கேட்டது, "வண்டி ஓடறதா?"

"ஓடுதுங்க."

"நாளைக்குக் கொண்டுவாங்கோ. பாக்கணும்."

மூன்றாம் நாள் நானும் மாலதியும் போனோம். பழைய பங்களா வகை வீடு, வாசலில் துளசி. நான் இன்ஜினை அணைப்பதற்கு முன்பே கதவு திறந்தது. அறுபது வயதிருக்கும், மெலிந்த உருவம், இடது கை முழங்கைக்குக் கீழே சற்றுக் கோணியிருந்தது. அந்த அம்மா எங்களைப் பார்க்கவில்லை. நேராக ஜீப்பின் இடப்பக்கம் வந்து, இடுப்பால் கதவை உள்ளே தள்ளி, கைப்பிடியை மேல்நோக்கி இழுத்தார். மூன்று மெக்கானிக்குகளால் திறக்க முடியாத கதவு திறந்தது. ஏறி உட்கார்ந்து, மடியில் கைகளை வைத்துக்கொண்டு முன்கண்ணாடி வழியாகப் பார்த்தார். நானும் ஸ்டியரிங் முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மாலதி பின்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். வண்டி எங்கோ போய்க்கொண்டிருப்பது போல அவர் உடம்பு லேசாக ஆடியது.

பிறகு, "உள்ள வாங்கோ" என்று இறங்கினார்.

அவர் பெயர் யதுகிரி, சம்பத்தின் மனைவி. மேலுகோட்டையைப் பூர்வீகமாகக் கொண்ட வைணவக் குடும்பம். அவர் பேசிய தமிழ் ஈப்போவிலும் கேட்டதில்லை, சென்னையிலும் கேட்டதில்லை. பாதிச் சொற்களை மாலதியிடம் கேட்டுத்தான் புரிந்துகொண்டேன். ரசத்தைச் சாத்தமுது என்றார். அதையும் சூடான சாதத்தையும் எங்கள் முன்னால் வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து சொன்னார்.

"அந்த ஞாயித்துக்கெழமை என் தம்பி ஆத்துல விசேஷம். மேட்டூர்ல. அவர் திங்கட்கெழமை ஹோஸ் வந்துடும், மாட்டிண்டு செவ்வாய் போலாம்னார். நான்தான் விசேஷம் முடிஞ்சப்பறம் போய் என்ன பண்றதுன்னு பிடிவாதம் பிடிச்சேன். பாலாறு எறக்கத்துல எதிர்ல பஸ் வந்தது. ஒதுங்கினார். இந்தப் பக்கச் சக்கரம் தார் ரோட்டை விட்டுக் கீழ எறங்கித்து. ஒரு சத்தம் கேட்டது. அடுத்த வளைவுல அவர் காலால மிதிச்சிண்டே இருந்தார். மிதிச்சிண்டே இருந்தார். வண்டி நிக்கலை. மரத்துலதான் நின்னுது."

மாலதி அவருடைய கோணிய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமி, போன்ல ஏன் வந்துடுவார்னு சொல்றீங்க?"

"முதல்ல கூப்டவாளுக்கெல்லாம் நெஜத்தைச் சொன்னேன். ஒவ்வொருத்தரும் எப்படி ஆச்சுன்னு கேட்டா. எப்படி ஆச்சுன்னு சொன்னா என் பிடிவாதத்தையும் சொல்லணும். அப்பறம் இப்படிச் சொல்லப் பழகிண்டுட்டேன்." வாசலைப் பார்த்துவிட்டு, "சொல்லிச் சொல்லி, சில நாள் எனக்கே வாசல்ல காது போயிடறது" என்றார்.

கிளம்பும்போது, யூசுப் பாய் கடையில் இருக்கும் ஹோஸ்களையே மாட்டச் சொன்னார். தன் கணவர் ஆசைப்பட்டுச் செய்யச் சொன்னது, அது அந்த வண்டிக்குத்தான் போகவேண்டும் என்றார். நான் சரி என்றேன். அந்த ரக ஹோஸ் இரண்டு வருடம் பைக்குள் இருந்தால் கெடாது. அவற்றை மாட்டத்தான் நினைத்தேன்.

பிற்பகல் யூசுப் பாயின் கடைக்குப் பக்கத்து ஷெட்டில் ஜீப்பைத் தூக்கினோம். சம்பத் சார் இறந்துபோன செய்தியை யூசுப் பாயிடம் சொன்னேன். கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்து, ஷெட் வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். "சனிக்கிழமை குடுத்திருந்தா" என்று ஒருமுறை தனக்குத்தானே சொல்லிக்கொண்டது காதில் விழுந்தது.

இடது ஹோஸின் மேல்முனையைப் பொருத்தினேன். சக்கரத்தை முழுக்கத் தொங்கவிட்டு, ஸ்டியரிங்கைக் கடைசிவரை திருப்பச் சொல்லி, கீழ்முனையைக் கொண்டுபோனேன். எட்டவில்லை. மறுபடி திருப்பி முயன்றேன். இரண்டு விரல்கடை குறைந்தது. பழைய ரப்பர் இழுபட்டு எட்டியிருந்தது, எஃகுப் பின்னல் அப்படி நீளாது.

நூலை எடுத்து வைத்துப் பார்த்தேன். ஹோஸும் நூலும் துல்லியமாக ஒரே நீளம். யூசுப் பாய் மேல் தவறில்லை. பிறகு ஜாக்கியை இறக்கி, வண்டியைத் தரையில் நிற்கவைத்து நூலைப் பிடித்தேன். அளவெடுத்த மாதிரி சரியாகப் பொருந்தியது. எனக்குப் புரிந்துவிட்டது. சம்பத் சார் வண்டி தரையில் நிற்கும்போது அளவெடுத்திருக்கிறார். சக்கரத்தைத் தொங்கவிட்டு அளக்கவேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. சனிக்கிழமையே வாங்கி மாட்டியிருந்தாலும் அந்தப் பள்ளத்தில் ஹோஸ் பிய்ந்துதான் போயிருக்கும்.

யூசுப் பாயிடம் காட்டினேன். அவர் ஹோஸின் தொங்கும் முனையையும் சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். விரலை இடைவெளியில் வைத்து அளந்தார். பிறகு எழுந்துபோய்க் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

அன்று இரவுச் சாப்பாட்டில் வீட்டில் வாக்குவாதம். ராகிக் களியை உருட்டி விழுங்கியபடி சிவராஜ் சொன்னார், "அந்தம்மாகிட்ட சொல்ல வேண்டாமுங்க மச்சான். செத்தவரு அளவு தப்புன்னு இப்பப் போயிச் சொல்லி என்ன ஆகப்போகுது?"

"அவங்க ரெண்டு வருஷமா தன்னைத்தானே கொன்னுக்கிட்டு இருக்காங்க" என்றாள் மாலதி. "சொல்லியே ஆகணும்."

எனக்கு இரண்டுமே சரியாகப் பட்டது. மலேசியாவில் என்றால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். பட்டறைக்காரன் வண்டியைச் சரிசெய்வான், மனிதர்களைத் தொடமாட்டான். ஆனால் யதுகிரி அம்மாள் அந்த ஹோஸ்களை மாட்டியாயிற்றா என்று கேட்பார். அவரிடம் பொய் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

நாலாம் நாள் காலை மாலதி அவரை ஆட்டோவில் ஷெட்டுக்கு அழைத்துவந்தாள். நான் ஒன்றும் விளக்கவில்லை. தூக்கி நிறுத்திய ஜீப்பின் அருகே அவரைக் குனியச் சொல்லி, எட்டாத முனையைக் காட்டினேன். வண்டியை இறக்கி, எட்டுவதைக் காட்டினேன். மறுபடி தூக்கினேன்.

"சனிக்கெழமை வந்திருந்தாலும்..." என்றார்.

"ஆமாம்மா. செவ்வாய்க்கிழமை போயிருந்தாலும்."

அவர் நிம்மதியடைவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் வெளுத்தது. மேசைமேல் கிடந்த நூல்களில் ஒன்றை எடுத்துப் பார்த்தார்.

"இதோட இன்னொரு முனையை நான்தான் பிடிச்சிண்டிருந்தேன். அவர் வண்டிக்கடியில படுத்துண்டு, இழுத்துப் பிடி, இழுத்துப் பிடின்னார். நான் விறைப்பாப் பிடிச்சேன்."

யூசுப் பாய் கடைக்குள் போய்ப் புது நூல்கண்டு ஒன்றைக் கொண்டுவந்தார். அதை யதுகிரி அம்மாளிடம் நீட்டினார்.

"அம்மா, இப்பவும் ஒருத்தர் பிடிக்கணும். தளர்வாப் பிடிங்க."

நான் அடியில் படுத்துக்கொண்டேன். மேலே சட்டத்தின் பக்கமாக அவர் குந்தி உட்கார்ந்து நூலின் முனையைப் பிடித்தார். சக்கரத்தைத் தொங்கவிட்டு, ஸ்டியரிங்கை இடமும் வலமும் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் அளந்தோம். அவருடைய கோணிய கையிலிருந்து நூல் தளர்வாகவே என் விரலுக்கு வந்தது. ஒரு சமயம், நானல்லாத வேறொருவரிடம் பேசுவது போல மெல்லிய குரலில், "போறுமா?" என்று கேட்டார். நூலை இன்னும் கொஞ்சம் தளரவிட்டேன். பிறகு "போதும்" என்றேன்.

ரப்பரா, எஃகுப் பின்னலா என்று சிவராஜ் கேட்டார். காட்டுப் பாதைக்கு இரண்டும் ஓடும். ரப்பர் வயதானால் வெடிப்பு வெளியே தெரியும், எச்சரிக்கும். எஃகுப் பின்னல் அழுத்தத்தில் உப்பாது, மிதி உறுதியாக இருக்கும். ஆனால் மண் புகுந்தால் உள்ளே அரித்துக்கொண்டே போவது தெரியாது. உறை போட்ட எஃகுப் பின்னலையே எடுத்தேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்ப்பதாக மாப்பிள்ளையிடம் வாக்கு வாங்கினேன். யூசுப் பாய் அன்று வேறு வேலை எடுக்கவில்லை. முனைகளை அழுத்தி, ஒவ்வொன்றையும் அழுத்தச் சோதனையில் அரைமணி நேரம் வைத்து, பிறகுதான் கையில் கொடுத்தார். புதிய செம்பு வாஷர்கள் போட்டு மாட்டி, ஆயில் நிரப்பிக் காற்றை வெளியேற்றினோம். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் டயரில் உரசுகிறதா என்று கடைசியாகப் பார்த்தோம். உரசவில்லை.

ஞாயிறு காலை சிவராஜுக்கு ஆஸ்பத்திரியில் வேலை. ஜீப்பை நான் ஓட்டினேன். பின்னால் மாலதி, மருந்துப் பெட்டிகள், பனிக்கட்டியோடு இன்சுலின். என் பக்கத்தில் யதுகிரி அம்மாள். தானும் வருவதாக முந்தின நாள் அவரே கேட்டிருந்தார். கொள்ளேகாலில் தட்டு இட்லி சாப்பிட்டோம். ஒரு தட்டு அகலத்துக்கு ஒரே இட்லி. அவர் பாதி சாப்பிட்டுவிட்டு மீதியை இலையில் மடித்து வைத்தார்.

மாதேஸ்வர மலையைத் தாண்டி இறக்கம் தொடங்கியபோது பனி இறங்கியிருந்தது. முன்னால் இரண்டு வளைவுக்கு மேல் தெரியவில்லை. ஒரு பஸ் எதிரே வந்தது. ஒதுங்கினேன். இடது சக்கரம் தாரை விட்டுக் கீழே இறங்கியது. அவர் கைகள் மடியில் இறுகின. அடியிலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. மிதித்தேன். ஜீப் நின்றது.

"இங்கதான்" என்றார். "எறங்கறேன்."

வளைவின் வெளிப்புறத்தில் நின்ற மரத்தை நோக்கி நடந்தார். நான் பின்னால் போனேன். அடிமரத்தில் பட்டை உரிந்து வெள்ளையாக ஒரு பெரிய வடு. அதன்மேல் உள்ளங்கையை வைத்து நின்றார். கண்களை மூடிக்கொண்டார். பிறகு கண்ணைத் திறந்து பக்கத்து மரத்தைப் பார்த்தார். அதிலும் அதே உயரத்தில் வடு இருந்தது. அதற்கடுத்ததிலும் இருந்தது. வேரடியில் உடைந்த விளக்குக் கண்ணாடித் துண்டுகள் கிடந்தன. ஒரு மரத்தில் யாரோ மஞ்சள் துணி கட்டியிருந்தார்கள், அது சாயம் போயிருந்தது. இன்னொன்றில் புது வடு, பால் வடிந்து காயாமல் இருந்தது.

அவர் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனார். பிறகு திரும்பி வந்தார்.

"எதுன்னு தெரியலை" என்றார். "ஒரே ஒரு மரம்னு நெனச்சிண்டிருந்தேன்."

ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். பனிக்குள் இன்னொரு பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு ஏறி வந்தது, எங்களைக் கடந்து மறைந்தது. நான் பிரேக்கை மெல்ல விட்டேன். அதற்கப்புறம் ஒவ்வொரு வளைவிலும் அவர் முகத்தைத் திருப்பி வெளிப்புற மரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். நானும் பார்த்தேன். கீழே பாலாறு தெரிகிறவரை வடு இல்லாத மரம் ஒன்றுகூட வரவில்லை.